கிறித்தவ வேதமும் பண்பாட்டுக் கொள்கையும்

ஒரு சமயத்தின் முதனூல், அது தோன்றிய நாட்டு மக்களின் பண்பாட்டிற்கு உரிய பொருளோ, அன்றிப் பண்பாடுகள் அனைத்தையுங் கடந்து உயிர்கள் யாவற்றிற்கும் உரிய பொருளோ என்பது இக்காலத்து அறிஞர் பலர் ஆராயும் ஒரு வினா. மேனாட்டார் இதனைத் தம் விவிலிய நூலை முன்வைத்தே பெரிதும் ஆராய்வர். எனினும் இவ்வினா அவர்க்கே உரியதன்று. வேத சிவாகமங்களையும் திருமுறைகளையும் கொண்டு வாழும் நமக்கும் இஃது இன்றியமையாதது. விவிலியத்தைக் குறித்து நாம் எவ்விடை கூறுகின்றோமோ, அவ்விடையே நம் நூல்கள்மேலும் வந்து பொருந்தும் ஆதலின் என்க.

திண்டுக்கற் சமவெளியில், ஆத்தூர் வட்டத்தைச் சார்ந்த சித்தையன்கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. சைவர், வைணவர், இசுலாமியர், கிறித்தவர் என்னும் பல சமயத்தாரும் ஒரே மழையை எதிர்நோக்கி, ஒரே தமிழிற் பேசி வாழும் நிலம் இது. திண்டுக்கல் நகரம் 2003 ஆம் ஆண்டு முதல் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையிடமாகவும் உள்ளது. இத்தகைய நிலத்தில் இருவகைக் கூற்றுக்கள் வழங்கக் கேட்கின்றோம். விவிலியம் வேற்று நாட்டாரின் பண்பாடு. அதனைக் கைக்கொண்டார் தமிழ்ப் பண்பாட்டினின்று நீங்கினார் என்பது ஒன்று. நூல்கள் யாவும் அவ்வந் நாட்டுப் பண்பாட்டின் விளைவே. ஆதலின் மெய் பொய் என்னும் ஆராய்ச்சி வேண்டா. அவரவர் நூல் அவரவர்க்கு என்பது மற்றொன்று. முன்னையது சினத்திற் பிறப்பது. பின்னையது சோர்விற் பிறப்பது. இவ்விரண்டும் சித்தாந்தத்திற்கு ஒவ்வா என்பதும், இவற்றுள் பின்னையதே நமக்குப் பெரிதும் இடர் தருவது என்பதும் ஈண்டு யாம் காட்டப் புகுந்தன.

பண்பாடு என்னும் சொல்

பண்பு என்பது பழந்தமிழ்ச் சொல். கலித்தொகையும் திருக்குறளும் அதனை ஒருவன் பிறரொடு பொருந்தி ஒழுகும் நன்னெறிக்கே வழங்கின. ஆண்டு அது தனி ஒருவன் பயின்று பெறுங் குணம். அஃது உடையாரும் உண்டு, இல்லாரும் உண்டு. இன்று வழங்கும் பண்பாடு என்னும் சொல்லோ 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேனாட்டுக் கருத்தொன்றைப் பெயர்க்க எழுந்தது. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அதனை வழக்கிற் கொணர்ந்தார் என்பர்.

மேனாட்டிலும் அக்கருத்து ஒருபடித்தாய் நிற்கவில்லை. 1869 இல் மாத்யூ ஆர்னால்டு என்பார் மனத்தின் திருத்தத்தையே அச்சொல்லாற் குறித்தார். அது நம் பண்பு என்பதற்கு அணித்து. 1871 இல் எட்வர்டு டைலர் என்பார் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று மனிதன் ஒரு கூட்டத்தின் உறுப்பினனாக இருந்து பெறுவன யாவற்றின் தொகுதியே அது என வரையறுத்தார். இவ்வரையறையில் சமயமும் அத்தொகுதியின் ஓர் உறுப்பாயிற்று. சமய நூல் அவ்வுறுப்பின் ஓர் உறுப்பாயிற்று. பின்வந்தோர் ஒரு கூட்டத்தின் வழக்கத்தைப் பிறிதொரு கூட்டத்தின் அளவுகோலால் அளத்தல் தகாது என்றும் கூறினர். அயலாரை இழித்துரைக்கும் செருக்கை அடக்கியமையால் இக்கொள்கை உலகிற்கு நன்மை செய்ததே. ஆயினும் வழக்கங்களை அளத்தற்கு அமைந்த கோலைக் கொண்டு உண்மையையும் அளக்கப் புகுந்தவிடத்து அது தன் எல்லை கடந்தது.

அந்நூல் தன்னைப்பற்றி உணர்த்துவது

விவிலியத்தின் இயல்பு ஒன்றை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஏசுநாதர் பேசிய மொழி அரமேயம். அவர் வரலாறு கூறும் நற்செய்தி நூல்கள் நமக்குக் கிடைத்திருப்பதோ கிரேக்கத்தில். ஆகவே அவர் மொழிகள் தொடக்கத்திலேயே மொழிபெயர்ப்பாக நிற்கின்றன. பின்னர் 4 ஆம் நூற்றாண்டின் இறுதியில் செரோம் என்பார் இலத்தீனிற் பெயர்த்தார். 1522 இல் மார்ட்டின் லூதர் புதிய ஏற்பாட்டைச் செருமானியத்தில் வெளியிட்டார். வேதத்தைப் பொறுத்தமட்டில் ஒலியும் சொல்லும் அவற்றின் வரிசையும் மாறாமை இன்றியமையாதது என்பது நம் கொள்கை. கிறித்தவர்க்கோ பொருளே தலைமையுடையது, ஒலி மாறலாம். இவ்வேறுபாட்டை அறியாது இருதிறத்து நூல்களையும் ஒரே தட்டிலிட்டு நிறுப்பது பிழை.

அந்நூலின் உள்ளும் பண்பாட்டு வினா எழுகின்றது. அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் பகுதியின் 15 ஆம் அதிகாரத்தில் ஒரு வழக்குக் கூறப்படுகின்றது. யூதரல்லாதார் ஏசுவைப் பின்பற்றுங்கால் யூதருக்குரிய விருத்தசேதனத்தையும் மேற்கொள்ளல் வேண்டுமோ என எருசலேமிற் கூடி ஆராய்ந்தனர். வேண்டா என முடித்தனர். 17 ஆம் அதிகாரத்தில் பவுல் என்பார் ஏதென்சு நகரில் அறியப்படாத தெய்வத்திற்கு அமைந்த பலிபீடத்தைச் சுட்டி, அந்நாட்டுப் புலவர் வாக்கையே மேற்கோளாகக் காட்டிப் பேசுகின்றார். எனவே, ஓரினத்தின் வழக்கத்தோடு தன் செய்தி பிணைந்து நிற்றல் வேண்டா என்பது அந்நூல் வழிவந்த கொள்கை. அங்ஙனமாயின் அதனைத் தமிழர்க்குக் கொணர்ந்தோர் தம் நாட்டு உடையையும் உணவையும் உடன்கொணர்ந்து அவையும் வேதமே என்று காட்டியது அந்நூற்கே மாறு. அக்குற்றம் கொணர்ந்தார்மேலதேயன்றி நூலின்மேலதன்று. இதனைப் பிரித்துணர்தல் நடுவுநிலைமை.

தமிழில் அந்நூல் பெற்ற சொற்கள்

கிறித்தவர் தமிழில் அச்சிட்ட முதனூல்களுள் ஒன்று 1578 இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதன் பெயர் தம்பிரான் வணக்கம். தம்பிரான் என்பது சிவபெருமானுக்கு நம் ஆசிரியன்மார் வழங்கிய பெயர். நம் திருமடங்களில் துறவு பூண்டார்க்கு இன்றும் வழங்கும் பெயர். 1606 இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நொபிலி துறவியர் கோலம் பூண்டு தத்துவபோதகர் என்னும் பெயருடன் விளங்கினார். பூணூலும் குடுமியும் நாட்டு வழக்கமேயன்றிச் சமய நெறியல்ல என அவர் வாதித்தார். 1623 இல் உரோமாபுரித் தலைமைக் குரு பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைவளித்தார். ஆனால் 1704 இல் புதுச்சேரியிற் பிறந்த ஆணை இத்தகைய வழக்கங்கள் பலவற்றைத் தடுத்தது. 1744 இல் பதினான்காம் பெனடிக்டு அத்தடையை உறுதி செய்தார். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ பண்பாட்டினைக் குறித்துத் தனி அதிகாரமே வகுத்து, திருச்சபை எந்த ஒரு பண்பாட்டோடும் பிரிக்கவியலாவாறு பிணைந்ததன்று என அறிவித்தது. ஒரே சபை, ஒரே நூல். மூன்றரை நூற்றாண்டிற்குள் இத்துணை மாற்றம். எது நூற்பொருள், எது நாட்டு வழக்கு என்று வரையறுத்தல் எத்துணை அரிது என்பதற்கு இது சான்று.

சீர்திருத்தச் சபையாருள் சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்து, தாம் பெயர்த்த புதிய ஏற்பாட்டை 1714, 1715 ஆம் ஆண்டுகளில் அச்சிட்டார். பின் பெப்ரீசியசு மொழிபெயர்ப்பு எழுந்தது. 1871 இல் பவர் முதலியோர் கூடிச் செய்த ஐக்கிய மொழிபெயர்ப்பு நிறைவெய்தியது. முழுமுதலைக் குறிக்கக் கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றனர். பெப்ரீசியசு பராபரன் என்றார். ஐக்கிய மொழிபெயர்ப்பினர் தேவன் என்றனர். 1995 இல் இருசபையாரும் கூடி வெளியிட்ட திருவிவிலியம் கடவுள் என்றது. சைவன் செவிக்கு இவை ஒருபொருட் சொற்கள் அல்ல. தேவர் என்பார் நம் நூல்களிற் பிறப்பிறப்பிற்பட்ட பதவியோர். பராபரன் என்பதோ முழுமுதற்கே உரியது. நூலின் பெயராகிய வேதாகமம் என்பதும் அத்தகையதே. நமக்கு வேதம் பொது, ஆகமம் சிறப்பு. இரண்டும் வேறுவேறு நூற்றொகுதிகள். அவர்க்கு அவ்விரு சொல்லும் ஒட்டி ஒரு நூலின் பெயராயின.

ஓர் உயிர் ஓருடலை விட்டு மற்றோருடலிற் புகுங்கால் பழைய வாசனையும் உடன் வரும். புதிய உடலின் இயல்பும் வந்து பற்றும். ஒரு நூல் மொழி மாறுங்காலும் இவ்வாறே நிகழ்கின்றது. ஆகவே முந்நூறாண்டாகத் தமிழிற் பயின்ற விவிலியத்தை முற்றும் வேற்றுப் பொருள் என்று தள்ளுதல் பொருந்தாது. அதனுள் நம் முன்னோர் சொற்கள் உறைகின்றன. அவற்றை ஓதுவாரும் அச்சொற்களோடு வரும் பழம்பொருளினின்று முற்றும் விலகியவரல்லர்.

நாவலர் தொடுத்த வினா

இவ்விடத்து யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுகநாவலர் வரலாறு நமக்கு விளக்காகின்றது. பார்சிவல் பாதிரியார் செய்த விவிலிய மொழிபெயர்ப்பிற்கு அவர் துணைபுரிந்தார். அது 1850 இல் வெளிவந்தது. இதற்கிடையே அவர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்றார். 1854 இல் சைவதூஷண பரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார்.

அந்நூலில் அவர் கைக்கொண்ட முறை வியக்கத்தக்கது. சிவாலய வழிபாட்டைப் பாதிரிமார் இகழ்ந்தபோது, அவர் அவர்தம் நூலையே எடுத்துக்கொண்டார். பழைய ஏற்பாட்டில் ஆலயமும், தீபமும், தூபமும், படையலும், நீராடித் தூய்மை செய்தலும், விழாநாட்களும் இறைவன் ஆணையாகவே விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக் காட்டினார். அவை கிறித்துவின் வருகையோடு ஒழிந்தன என்பது எதிர்தரப்பார் விடை. ஒழிந்தன எனினும், ஒருகால் இறைவன் விரும்பி ஏற்ற செயல் தன்னியல்பிலேயே இழிந்தது ஆகாதன்றோ? விளக்கேற்றுதல் யூதர் கையில் பத்தியும், தமிழர் கையில் அறியாமையும் ஆமாறு யாங்ஙனம்?

நாவலர் அந்நூலை வேற்றுப் பண்பாடு என்று ஒதுக்கினாரல்லர். அவரவர் நூல் அவரவர்க்கு என்று வாளா இருந்தாருமல்லர். சொல் சொல்லாகப் பயின்றார். பயின்றபின் அதன் பொருளை வாதத்திற்கு எடுத்தார். பிறர் நூலுக்கு நாம் செய்யத்தக்க பெருமதிப்பு அதனை மெய்யோ பொய்யோ என்று ஆராய்வதே. ஆராயாது புகழ்தலும் ஆராயாது இகழ்தலும் ஒருநிகரான அவமதிப்பு என்க.

மூவகைக் காரணம்

இனிச் சித்தாந்த முறையில் இவ்வினாவை ஆராய்வாம். குடம் தோன்றுதற்கு மண் முதற்காரணம். திரிகை முதலியன துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகத் தோற்றத்திற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணன். இம்முறையை நூற்றோற்றத்திற்கும் பொருத்திக் காணலாம். ஒரு நூலின் மொழி, உவமை, கதை, யாப்பு, வழக்கம் ஆகியன யாவும் அதன் முதற்காரணம். இவையே இன்று பண்பாடு எனப்படுவன. சொல்லும் மாயையின் காரியமே. சூக்குமை, பைசந்தி, மத்திமை என்னும் நிலைகளைக் கடந்து வைகரியாய் வெளிப்பட்டபின்னரே அது தமிழென்றும் வடமொழியென்றும் கிரேக்கமென்றும் செவிக்குப் புலனாகும்.

நூல்கள் யாவும் பண்பாட்டின் விளைவே என்பார், மண்ணைக் கண்டு குயவனை மறந்தார். குடம் மண்ணாலாயது என்பது மெய். மண்ணால் மட்டுமே ஆயது என்பது பொய். எம் நூல் எப்பண்பாட்டின் சார்புமின்றி வானினின்று இறங்கியது என்பார், குயவனைக் கண்டு மண்ணை மறந்தார். முன்னைய பிழை மேனாட்டு ஆராய்ச்சியாளர் சிலரது. பின்னைய பிழை எச்சமயத்திலும் உள்ள பற்று மிக்காரது.

ஈண்டு ஒரு தடை எழும். விவிலியத்திற்கும் நிமித்த காரணன் இறைவனே எனின், அதுவும் சிவாகமமும் ஒன்றாகாவோ எனின், ஆகா. எத்தெய்வத்தை வழிபடுவார்க்கும் அவ்வழிபாட்டின் பயனைத் தருவோன் அம்மையப்பனே என்பது சிவஞானசித்தியார் கொள்கை. ஆயினும் ஒளி ஒன்றேயாக, அதனை வாங்கும் பளிங்கின் தன்மைக்கேற்ப நிறம் வேறுபடும். உயிர்களின் பக்குவத்திற்கேற்பச் சமயங்களும் படிமுறையில் நிற்கின்றன என்பதே நம் துணிபு. உலகம் இன்மையினின்று படைக்கப்பட்டது என்பதும் உள்ளதாகிய மாயையினின்று தோற்றுவிக்கப்பட்டது என்பதும் உடை வேறுபாடு போல்வன அல்ல. பிறவி ஒன்றே என்பதும் வினைக்கீடாகப் பல என்பதும் உணவு வேறுபாடு போல்வன அல்ல. இவை காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளால் ஆராய்ந்து தெளியவேண்டிய உண்மை வேறுபாடுகள். இவற்றையும் பண்பாட்டு வேறுபாடு என்று கூறிச் சமன்செய்வார், கிறித்தவரையும் நம்மையும் ஒருங்கே வாயடைக்கின்றார்.

மற்றொரு தடை. மொழியும் வழக்கமும் மாயாகாரியமாயின், தேவாரத்தைப் பிறமொழியிற் பெயர்த்துத் திருக்கோயிலில் ஓதினால் என்னை எனின், கூறுதும். பண்பாடு நூலுக்கு உடையன்று, உடல். உடை களைந்தும் ஒருவன் வாழ்வான்; உடல் களைந்து ஈண்டு வாழான். உயிர் உடலன்று, ஆயினும் உடலொடு வேறறக் கலந்து நின்றே தொழிற்படுகின்றது. திருமுறைகளின் பண்ணும் சொல்லும் அத்தகையன. 1900 இல் ஜி. யு. போப்பையர் திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தமையால் அயலார் அதன் பொருளறிந்தனர், அது நன்றே. 1860 முதல் தென்னாப்பிரிக்காவிற் குடியேறிய தமிழர் வழித்தோன்றல்களுள் தமிழ் மறந்தார்க்கு மொழிபெயர்ப்பும் வேண்டற்பாலதே. எனினும் பொருள் விளக்கம் வேறு, வழிபாடு வேறு.

பூவும் சுவரும்

பண்பாடு என்னும் பெயரில் அடங்குவன யாவும் போற்றத்தக்கனவோ என்பது எஞ்சிய வினா. தஞ்சை வேதநாயக சாத்திரியார் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதிதாக வந்த பாதிரிமாரை எதிர்த்து எழுதினார். விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுதல், பூச்சூடுதலைத் தடுத்தல், தமிழிசையை ஒதுக்குதல் ஆகியவற்றை அவர் கண்டித்தார். இவற்றோடு, சாதி வேறுபாடின்றி ஒருங்கிருத்தலை வற்புறுத்தியதையும் சேர்த்துக் கண்டித்தார். பூவும் இசையும் சாதியும் அவர்க்கு ஒருநிகரான நாட்டு வழக்கங்கள். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் சாதிபற்றி இருகூறாகப் பிரிக்கப்பட்ட கிறித்தவக் கோயில் ஒன்று இருந்தது. 1910 இல் அதன் இடைச்சுவர் இடிக்கப்பட்டது. ஒரே பந்தியில் உண்டு ஒரே தந்தையைத் தொழுக என்னும் நூலை ஓதியவாறே சுவரின் இருபுறமும் மக்கள் நின்றனர்.

பூவையும் சுவரையும் பிரித்தறியும் அளவுகோல் பண்பாட்டுக் கொள்கையில் இல்லை. இரண்டும் ஒரு கூட்டத்தார் வழிவழி பெற்றனவே. சித்தாந்தத்தில் அவ்வளவுகோல் உண்டு. உயிரைப் பற்றிய பாசத்தை நெகிழ்விப்பது கொள்ளத்தக்கது, இறுக்குவது தள்ளத்தக்கது. பூவும் பண்ணும் நெஞ்சை உருக்கி யான் எனது என்னும் செருக்கை நெகிழ்விக்கும். சுவரோ அச்செருக்கிற்குக் கல்லாற் சமைத்த உருவம்.

பிறர் கோயிற் சுவரைக் காட்டுதல் எளிது. திருப்புன்கூரிற் புறத்தே நின்று வழிபட்ட திருநாளைப்போவாரை நாயன்மார் வரிசையில் வைத்துத் தொழுத நாம், அவர் குலத்தாரை நெடுங்காலம் திருவாயிலுக்குப் புறத்தே நிறுத்தினோம். மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிற் கதவு 1939 சூலை 8 ஆம் நாளன்றே அவர்க்குத் திறந்தது. அதுகாறும் அதனை வழக்கம் என்றோம், மரபு என்றோம். நாவலரும் வருண வழக்கத்தைப் பேணியவரே. அதனை மறைத்தலாற் பயனில்லை. குலம் பேசிச் சாத்திரம் காட்டுவாரைக் கடிந்த நாவரசர் வாக்கே நமக்கு மேலாய பிரமாணம்.

நமக்குரிய கடமை

இங்ஙனம் ஆராயுமிடத்துப் பெறப்படுவன சில. விவிலியத்தை ஏற்ற தமிழரைத் தமிழ்ப் பண்பாட்டினின்று நீங்கினார் என்று கூறற்க. அவர் பேசுவது தமிழ். அவர் நூல் உடுத்திருப்பன நம் சொற்கள். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் தொண்டு நம் மொழிக்கு உரியது. அவரோடு நமக்குள்ள வேறுபாடு பதி பசு பாச இலக்கணத்தில் உள்ளது. அதனை ஆண்டே வைத்துப் பேசுதல் தகும். ஊரளவில் உறவை முறித்தற்கு அதனைக் கருவியாக்குதல் தகாது.

இதனினும் பெரியது ஒன்றுண்டு. இந்நாளிற் சைவத்தைக் காக்கப் புகுவார் பலர், அது நம் பண்பாடு, அதனால் அது வாழ்க என்கின்றனர். இது காப்பன்று. பண்பாடு என்னும் அளவில் நின்றால், திருநீறு ஓர் அடையாளமாகும். திருக்கோயில் ஒரு சிற்பக்கூடமாகும். சிவஞானபோதம் ஒரு காலத்தார் எண்ணிய எண்ணமாகும். அருங்காட்சியகத்திற் பேணப்படும் விளக்கு உடையாது நெடுநாள் இருக்கும், எரியாது. மெய்கண்டார் தமிழர் பண்பாட்டை உரைக்க வந்தாரல்லர். உயிர் வீடுபெறும் வழியை உரைக்க வந்தார். அவர் உரைத்தது மெய்யாயின் எல்லார்க்கும் மெய். மெய்யன்றாயின் தமிழர்க்கும் பயனின்று.

ஆகலின் திருமடங்களிற் சாத்திரம் பயில்வோர் விவிலியத்தையும் மூலப்பொருளறிந்து பயிலுதல் வேண்டும். நம் நூல்களைப் பயில விழையும் கிறித்தவர்க்கும் வாயில் திறந்திருத்தல் வேண்டும். திண்டுக்கற் சமவெளி போன்ற நிலங்களில் இருசாராரும் அயலவராய் வாழ்கின்றனர். அயலார் நூலை அறியாதவன் தன் நூலின் சிறப்பை அறிந்தவனாகான். மண் வேறாயினும் மண்ணளவில் நில்லாது குயவனைத் தேடுவதே சமய நெறி. அத்தேட்டம் இருசாரார்க்கும் உளதாகும் அளவும், அவர்தம் வாதமும் ஒருவகை வழிபாடே ஆகும்.

திருச்சிற்றம்பலம்.